வளவுக்கு எந்தக் கோழி? விற்பவரும் வாங்குபவரும் கேட்க மறக்கும் கேள்வி

முட்டை என்பது ஒரு காலத்தில் நமது வீடுகளில் யாரும் பெரிதாகக் கணக்குப் பார்க்காத பண்டமாக இருந்தது. பெருநாள் வந்தால் வட்டிலப்பத்துக்கு இரண்டு டசின், விருந்தாளி வந்தால் பொரியலுக்கு நான்கு என்று கைக்கு வந்தபடி வாங்கினோம். 2022 ஆம் ஆண்டு அந்தப் பழக்கத்தை மாற்றிவிட்டது. அதற்கு முதல் ஆண்டு இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டதால் சோளச் செய்கை விழுந்தது. வெளிநாட்டு நாணயம் இல்லாததால் சோளத்தை வெளியிலிருந்து கொண்டுவரவும் முடியவில்லை. தீன் விலை ஏறியது, பண்ணைகள் கோழிகளைக் குறைத்தன, முட்டை விலை தாவியது. 2022 ஆகஸ்டில் அரசாங்கம் வெள்ளை முட்டைக்கு 43 ரூபா, சிவப்பு முட்டைக்கு 45 ரூபா என்று உச்சபட்ச விலை விதித்தது. அந்த விலைக்கு முட்டை கிடைப்பதுதான் அரிதாக இருந்தது. 2023 மார்ச்சில் அரச வர்த்தகக் கூட்டுத்தாபனம் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்ய வேண்டிய நிலை வந்தது. அந்த முட்டைகளும் முதலில் பேக்கரி போன்ற தொழில்களுக்கே வழங்கப்பட்டன.

இதன் பின்னர் வளவில் நாலு கோழி வளர்ப்போம் என்ற எண்ணம் பல குடும்பங்களுக்கு வந்திருக்கிறது. நல்ல எண்ணம்தான். வியாபாரிகளாகிய நமக்கும் அதில் இடமிருக்கிறது. குஞ்சு, தீன், கூடு, கம்பிவலை, தண்ணீர்ப் பாத்திரம் என்று எல்லாமே விற்பனைப் பண்டங்கள். ஆனால் இந்த வியாபாரம் நிலைக்க வேண்டுமென்றால், வாங்கிச் சென்ற குடும்பம் இரண்டாம் முறையும் நம் கடைக்கு வர வேண்டும். அதற்குத் தேவையான ஒரு விடயத்தை நம்மில் பலர் கவனிப்பதில்லை. அது கோழியின் குணம். அதைப் பற்றியே இந்த வாரம் எழுதுகிறேன்.

கேட்கப்படும் இரண்டு கேள்விகள்

நான் கோழித்தீனும் கூட்டுச் சாமான்களும் விற்பவன். சாவகச்சேரிச் சந்தைப் பக்கம் எனக்குக் கொடுக்கல் வாங்கல் உண்டு. மீசாலை, மட்டுவில், நுணாவில், கச்சாய், வரணி என்று தென்மராட்சியின் எல்லாப் பக்கத்திலிருந்தும் ஆட்கள் வருவார்கள். குஞ்சு வாங்க வருபவர்கள் இரண்டு கேள்விகளைத் தவறாமல் கேட்பார்கள். "நானா, குஞ்சு என்ன விலை?" என்பது ஒன்று. "வருசத்துக்கு எத்தினை முட்டை இடும்?" என்பது மற்றது. "இந்தக் கோழி வளவிலை நிக்குமோ? பிள்ளையளோடை பழகுமோ?" என்று கேட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

பண்ணைக்காரர் இதைக் கேட்கத் தேவையில்லை. அவரது ஆயிரம் கோழிகளும் கூட்டுக்குள் நிற்கின்றன. தீன் போடுவதற்குக் கூலியாள் இருக்கிறார். ஆனால் குடும்பத்தில் கோழி பார்ப்பது யார்? வீட்டுப் பெண்கள், பாடசாலை விட்டு வரும் பிள்ளைகள், வீட்டிலிருக்கும் வயதானவர்கள். பேடு கையில் பிடிபட வேண்டும். அந்தியில் தானாகவே கூட்டுக்கு வர வேண்டும். முட்டையை ஒளித்து இடாமல் கூட்டிலேயே இட வேண்டும். சேவல் சின்னப் பிள்ளையின் மேல் பாயக்கூடாது. வேலி தாண்டிப் பக்கத்து வளவுக்குப் போகக்கூடாது.

கடைசியாகச் சொன்னது சிறிய விடயமல்ல. மட்டுவில் கத்தரிக்காய்க்குப் பெயர்போன இடம். அங்கே ஒரு வீட்டுக் கோழி அடுத்த வீட்டுக் கத்தரிப் பாத்தியைக் கிளறினால் அது கோழிப் பிரச்சினையாக நிற்காது, வேலிப் பிரச்சினையாகிவிடும். கிடுகு வேலியில் ஒரு பொட்டு இருந்தாலே போதும். அப்படி ஒரு சண்டைக்குப் பின் அந்தக் குடும்பம் மிஞ்சிய கோழிகளை அறுத்துச் சாப்பிட்டுவிட்டுக் கூட்டை விறகாக்கிவிடும். நமக்கு ஒரு வாடிக்கையாளர் போய்விட்டார்.

குணமும் இலாபமும்

குணம் என்பது சும்மா மன ஆறுதலுக்கான விடயம், வருமானத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று சிலர் நினைக்கலாம். அப்படியல்ல. பயந்த கோழி தீனைச் சரியாகத் தின்னாது, சத்தம் கேட்டால் கூட்டின் மூலையில் ஒன்றன் மேல் ஒன்று ஏறி நசிபடும், முட்டை குறையும், ஓடு மெலிந்த முட்டையும் இடும். பிடிபடாத கோழிக்கு ஊசியும் போட முடியாது, கண்ணில் மருந்துத் துளியும் விட முடியாது. நோய் வந்தாலும் செத்த பிறகுதான் தெரியும்.

சுவீடனிலுள்ள லிங்ஷோப்பிங் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பெர் ஜென்சனும் அவரது குழுவினரும் ஓர் ஆய்வு செய்தார்கள். வீட்டுக்கோழியின் மூதாதையான சிவப்புக் காட்டுக்கோழிகளை எடுத்து, மனிதருக்குக் குறைவாகப் பயப்படும் கோழிகளை மட்டும் ஒரு பக்கமாகத் தலைமுறை தலைமுறையாகப் பெருக்கினார்கள். சில தலைமுறைகளிலேயே அந்தச் சாதுவான பக்கத்துக் கோழிகள் உடல் பருத்தும், பெரிய முட்டை இட்டும் வந்தன. அவர்கள் முட்டைக்காகத் தெரிவு செய்யவில்லை, குணத்துக்காகத்தான் தெரிவு செய்தார்கள். பயம் குறைந்தபோது உடம்பும் சேர்ந்து மாறியது. நமது முன்னோர் காட்டுக்கோழியை வீட்டுக்கோழியாக்கியதும் ஏறக்குறைய இப்படித்தான் நடந்திருக்க வேண்டும். நமது நாட்டின் தேசியப் பறவையும் ஒரு காட்டுக்கோழிதான். ஆள் நடமாட்டம் கண்டதும் பற்றைக்குள் மறையும் அந்தப் பறவையையும், கடைவாசலில் காலைச் சுற்றிவரும் பேட்டையும் ஒப்பிட்டுப் பார்த்தால் குணத்தின் பெறுமதி விளங்கும்.

இனங்களை எடைபோடுவோம்

இனி, சந்தையில் பேசப்படும் இனங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, றோட் ஐலண்ட் றெட். அமெரிக்காவின் றோட் ஐலண்ட் மாநிலத்தில் 19 ஆம் நூற்றாண்டில் உருவான சிவப்புக் கோழி. 1954 இல் அந்த மாநிலம் இதையே தனது மாநிலப் பறவையாக்கியது. உடம்பு கனமானது, உயரப் பறக்காது, வளவில் மேய்ந்து தின்னும், சிவப்பு முட்டை இடும். நல்ல பராமரிப்பில் ஆண்டுக்கு 200 முட்டைக்கு மேல் எதிர்பார்க்கலாம். வயது போனால் இறைச்சிக்கும் ஆகும். பேடு சாதுவானது. ஆனால் சேவலைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. சில சேவல்கள் ஆளைக் கண்டால் பாயும். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்குச் சேவல் விற்கும்போது இதைச் சொல்லித்தான் விற்க வேண்டும்.

இரண்டாவது, இலேசான நிற சசெக்ஸ். வெள்ளை உடம்பு, கழுத்திலும் வாலிலும் கறுப்பு. இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதிக் கோழி. ஆட்களோடு பழகுவதில் முன்னுக்கு நிற்பது. தீன் பாத்திரத்தைக் கண்டால் பின்னாலேயே வரும். முட்டையும் குறைவில்லை. இனம் கலக்காத குஞ்சு கிடைத்தால் குடும்ப வளவுக்கு விடக்கூடாத கோழி.

மூன்றாவது, ஓர்பிங்ரனும் ஓஸ்ட்ரலோர்ப்பும். இங்கிலாந்தின் கென்ற் மாவட்டத்தில் வில்லியம் குக் என்பவர் 1886 இல் உருவாக்கியது ஓர்பிங்ரன். அது அவுஸ்திரேலியாவுக்குச் சென்று முட்டைக்காகத் தெரிவு செய்யப்பட்டு ஓஸ்ட்ரலோர்ப் ஆனது. இரண்டும் மிகச் சாதுவான கோழிகள். ஆனால் ஓர்பிங்ரனின் அடர்ந்த இறகு குளிர் நாட்டுக்கு உரியது. கோழிக்கு வியர்வை இல்லை, வாயைத் திறந்து இளைத்துத்தான் சூட்டைக் கழிக்கும். நமது சித்திரை வெயிலில் அந்த இறகுப் போர்வை பாரம். ஓஸ்ட்ரலோர்ப் இறகு அடர்த்தி குறைந்தது என்றாலும் கறுப்பு நிறம் வெயிலை இழுக்கும். மா, பலா, தென்னை நிழலுள்ள தென்மராட்சி வளவுகளுக்கு அது சரிவரும். வெட்டையான வளவுக்கு வேண்டாம்.

நான்காவது, பண்ணைகளுக்கென்று கம்பனிகள் உருவாக்கிய சிவப்புக் கலப்பினங்கள். ஷேவர் பிறவுண், லோமன் பிறவுண், ஹைலைன் பிறவுண் என்று பல பெயர்கள். முட்டையில் இவற்றை வெல்ல வேறொன்றில்லை. குணமும் நல்லது, மிக இலகுவில் பழகும். ஆனால் மூன்று விடயங்களை வாங்குபவர் அறிந்திருக்க வேண்டும். தவிட்டையும் குறுணலையும் மட்டும் போட்டால் இவை இடாது, சமநிலைத் தீன் வேண்டும். இரண்டு வருடம் போனால் முட்டை குறைந்துவிடும். இவற்றின் முட்டையைப் பொரிக்க வைத்தால் வரும் குஞ்சு தாயைப் போல இடாது. கலப்பினத்தின் பலன் ஒரு தலைமுறைக்குத்தான்.

ஐந்தாவது, வெள்ளை லெக்ஹோர்ன். இத்தாலியின் லிவோர்னோ துறைமுகத்தின் பெயரால் வந்தது. சிறிய உடம்பு, குறைந்த தீன், நிறைய வெள்ளை முட்டை. பண்ணைக்குப் பொன்னான கோழி. குடும்பத்துக்கு ஒத்துவராது. துரும்பு அசைந்தாலும் பறக்கும், ஆளுயர வேலியும் அதற்குத் தடையில்லை, மரத்தில் ஏறிப் படுக்கும். யாழ்ப்பாணத்தில் வெள்ளை முட்டையை விடச் சிவப்பு முட்டைக்கே மதிப்பு அதிகம் என்பதும் நமக்குத் தெரியும்.

ஆறாவது, அசில். கம்பீரமான பறவை, மனிதரோடு பழகவும் செய்யும். ஆனால் தன்னினத்தோடு ஒத்துப்போகாது. சேவல்கள் மட்டுமல்ல, பேடுகளும் சண்டையிடும். முட்டையும் சொற்பம். சண்டைக்காக இதை வாங்க வருபவர்களுக்கு ஒரு வார்த்தை. பிராணிகளை மோதவிட்டு வேடிக்கை பார்ப்பதை நமது மார்க்கம் தடுத்திருக்கிறது. அந்தக் காசு நமது கல்லாவுக்கு வேண்டாம்.

ஏழாவது, புறோயிலர். குணத்தை மட்டும் பார்த்தால் இதைவிடச் சாதுவான கோழி இல்லை. எழும்பி நடக்கவே சோம்பல். ஆனால் ஆறு கிழமையில் அறுப்பதற்கென்றே உருவாக்கப்பட்டது. அதை வளவில் விட்டு முட்டைக்குக் காத்திருப்பது வீண். காலும் இதயமும் அந்தப் பாரத்தைத் தாங்காது. சாதுவான கோழி எல்லாம் வளவுக்கு ஏற்ற கோழி அல்ல என்பதற்கு இது உதாரணம்.

ஊர்க்கோழியை ஒதுக்கலாமா?

இவ்வளவும் சொன்ன பிறகு, "அப்படியானால் நம்முடைய ஊர்க்கோழிக்கு என்ன குறை?" என்று கேட்பவர்கள் இருப்பார்கள். நியாயமான கேள்வி. ஊர்க்கோழி தானே இரை தேடும், கறையான் புற்றைக் கிளறிக் குஞ்சை வளர்க்கும், பருந்தைக் கண்டால் குரல் கொடுக்கும், அடை படுத்து 21 நாளில் குஞ்சு பொரிக்கும். ஊர் முட்டைக்கும் ஊர்க்கோழி இறைச்சிக்கும் யாழ்ப்பாணத்தில் எப்போதும் தனி விலை. பெரிய பிள்ளையான பெண்ணுக்கு நல்லெண்ணெயோடு கொடுப்பதும், பிள்ளை பெற்ற தாய்க்குக் கொடுப்பதும் ஊர்முட்டைதான்.

குறை என்னவென்றால் எண்ணிக்கை. ஆண்டுக்கு 40 முதல் 60 முட்டை. 15 முட்டை இட்டதும் அடைக்குப் படுத்துவிடும், பின் குஞ்சோடு திரியும். ஐந்து பேருள்ள குடும்பத்தின் தேவை இதனால் தீராது. அடுத்தது, முட்டையைப் பற்றைக்குள் ஒளித்து இடும். நமக்கு முந்திக்கொள்வது கீரியும் உடும்பும்.

மருந்தில்லாமல் வாழும் என்ற பேச்சை மட்டும் நான் ஏற்றுக்கொள்ள மாட்டேன். ராணிக்கெட் நோய் ஊர்க்கோழி, சீமைக்கோழி என்று பார்த்து வருவதில்லை. 1926 இல் ஜாவாத் தீவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும், அடுத்த ஆண்டு இந்தியாவின் ராணிக்கெட் என்ற மலையூரிலும் கண்டறியப்பட்ட நோய் அது. தடுப்பு மருந்து கொடுக்காத வளவில் புகுந்தால் ஒரு கிழமையில் கூட்டையே வெறுமையாக்கிவிடும். தடுப்பு மருந்து கன்னொறுவையிலுள்ள கால்நடை ஆராய்ச்சி நிறுவனத்தில் நமது நாட்டிலேயே தயாரிக்கப்படுகிறது. கால்நடை வைத்திய அலுவலகத்தில் விசாரித்தால் எந்த வயதில், எப்படிக் கொடுப்பது என்று சொல்வார்கள். மாரி தொடங்கு முன் இதைச் செய்துவிட வேண்டும். மழை தொடங்கிக் கூட்டுத்தரை ஈரமானால் குஞ்சுகளுக்கு இரத்தக் கழிச்சலும் சேர்ந்து வரும்.

எனது சிபாரிசு

எனவே ஒரு குடும்பத்துக்கு நான் சொல்வது இதுதான். ஆறு அல்லது எட்டுச் சிவப்புப் பேடுகள். றோட் ஐலண்ட் றெட் அல்லது சிவப்புக் கலப்பினம். அவற்றோடு அடைக்கென்று இரண்டு ஊர்ப்பேடுகள். முட்டை மட்டும் போதுமென்றால் சேவல் தேவையில்லை. சேவல் இல்லாமலும் பேடு முட்டையிடும், அது பொரிக்காது, அவ்வளவுதான். குஞ்சும் வேண்டுமென்றால் ஒரேயொரு சேவல். அதையும் குணம் பார்த்து வைத்துக்கொண்டு, ஆளின் மேல் பாய்கின்ற சேவலைத் தயங்காமல் அறுத்துவிட வேண்டும். பாய்கின்ற சேவலின் குஞ்சும் பாயும். அதை இரக்கப்பட்டு வைத்திருப்பது அடுத்த தலைமுறைக் கோழிகளையும் கெடுப்பதாகும்.

கணக்கையும் பார்ப்போம். ஒரு சிவப்புப் பேடு நாளொன்றுக்கு 110 முதல் 120 கிராம் தீன் தின்னும். பத்துப் பேட்டுக்கு ஒரு கிலோவும் கொஞ்சமும். பத்தில் எட்டு இட்டால் ஒரு முட்டைக்கு ஏறக்குறைய 145 கிராம் தீன். பத்தில் ஆறு இட்டால் 190 கிராமுக்கு மேல். அன்றைய தீன் விலையோடு பெருக்கிப் பார்த்தால் முட்டையின் அடக்க விலை தெரிந்துவிடும். வளவு மேய்ச்சல், சோற்று மிச்சம், தேங்காய்ப் புண்ணாக்கு, முருங்கை இலை இவற்றால் தீனின் ஒரு பகுதியைக் குறைக்கலாம், முழுவதையும் அல்ல. ஓட்டுக்குச் சிப்பித்தூள் வேண்டும். கடல் சூழ்ந்த குடாநாட்டில் அது பஞ்சமில்லை. இந்தக் கணக்கில் பயந்த கோழிக்கும் பழகிய கோழிக்கும் உள்ள வித்தியாசமே பத்தில் எட்டுக்கும் பத்தில் ஆறுக்கும் உள்ள வித்தியாசம் ஆகிவிடலாம்.

இனம் பாதி, வளர்ப்பு பாதி. குஞ்சாக இருக்கும் முதல் சில கிழமைகளில் தினமும் கையில் தீன் கொடுத்து, மெதுவாகத் தூக்கி இறக்கிப் பழக்கினால் எந்த இனமும் ஓரளவு சாதுவாகும். நாயை ஏவிவிட்டு, கல்லெறிந்து துரத்தினால் சசெக்ஸும் காட்டுக்கோழியாகும். புதுக்கோழியைப் பழைய கூட்டத்தில் திடீரென்று விடவும் கூடாது. கோழிகளுக்குள் யார் யாரைக் கொத்தலாம் என்று ஒரு வரிசை உண்டு என்பதை நோர்வே நாட்டு ஆய்வாளர் ஷெல்டெரப்-எப்பே 1920களின் தொடக்கத்திலேயே எழுதிவைத்தார். புதிதாக ஒன்று வந்தால் அந்த வரிசை குலைந்து சண்டை வரும். ஒரு கிழமை கம்பிவலைக்கு அந்தப் பக்கமாக நிற்கவிட்டு, ஒன்றையொன்று பார்த்துப் பழகிய பின் சேர்ப்பதே முறை.

சாதுவான கோழி கீரிக்கும் மரநாய்க்கும் இலகுவில் இரையாகும் என்பார்கள். உண்மைதான். பறக்காத கோழிக்கு மரக்கிளை பாதுகாப்புத் தராது, கூடுதான் தர வேண்டும். அந்தியில் எண்ணி அடைத்து, சிறுகண் கம்பிவலை அடித்து, தரையிலிருந்து உயர்த்திய கூடு இல்லாதவருக்கு இந்தக் கோழியை விற்காதீர்கள். முதலில் கூட்டை விற்றுவிட்டுப் பிறகு கோழியை விற்பதே சரியான வியாபாரம்.

இந்தியாவில் செய்தது

கடல் தாண்டிப் பார்த்தால் இந்தியாவில் இதே தேவைக்கு வேறு வழி கண்டிருக்கிறார்கள். ஹைதராபாத்தில் வனராஜா, கிராமப்பிரியா, பெங்களூரில் கிரிராஜா, சென்னையில் நந்தனம் கோழி என்று வீட்டு வளவுக்கென்றே அரச நிறுவனங்கள் இனங்களை உருவாக்கின. தனியார் துறையில் வினோத் கபூர் என்பவரின் கெக்ஃபார்ம்ஸ் நிறுவனம் 1990களில் குரொய்லர் என்ற கோழியைக் கொண்டுவந்தது. அது பின்னர் உகண்டா வரை போனது. குரொய்லர் வியாபாரத்தில் நமக்குப் பாடம் உண்டு. ஒருநாள் குஞ்சை நேரடியாகக் குடும்பங்களுக்குக் கொடுக்காமல், இடையிலே சிறிய வளர்ப்பாளர்கள் சில கிழமை வளர்த்து, தடுப்பு மருந்தும் கொடுத்து, பிறகு கிராமத்துக்கு விற்றார்கள். குஞ்சு சாகும் ஆபத்தான காலம் அனுபவமுள்ளவர் கையில் கழிந்தது. வளர்ப்பாளருக்கும் ஒரு தொழில் கிடைத்தது.

ஒன்றை எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும். இந்த இனங்களின் பெயரைக் கேட்டு முட்டையையோ குஞ்சையோ கடல் வழியாக அனுமதியின்றிக் கொண்டுவர யாரும் நினைக்கக்கூடாது. அது சட்டவிரோதம் மட்டுமல்ல, ஒரு பெட்டிக் குஞ்சோடு வரும் நோய் குடாநாட்டுக் கோழிகள் அத்தனையையும் முடித்துவிடும்.

வியாபாரிகளுக்குச் சில வார்த்தைகள்

குஞ்சு வியாபாரத்தில் ஏமாற்றுவது மிக இலகு. வாங்குபவருக்குத் தெரிவதெல்லாம் ஒரு கைப்பிடி பஞ்சுதான். சிவப்புக் கலப்பினத்தில் ஒருநாள் குஞ்சிலேயே பால் தெரியும். பேட்டுக்குஞ்சு சிவப்பாகவும் சேவல்குஞ்சு வெளிர் மஞ்சளாகவும் இருக்கும். எனவே மஞ்சள் குஞ்சு என்றால் பெரும்பாலும் மூன்றில் ஒன்று: புறோயிலர், லெக்ஹோர்ன், அல்லது கலப்பினத்துச் சேவல். சசெக்ஸ் குஞ்சும் மஞ்சள்தான் என்பது உண்மை, ஆனால் அது அரிது. பண்ணைகள் கழித்துவிடும் சேவல்குஞ்சுகளைச் சாயம் தோய்த்துப் பிள்ளைகளுக்கு விற்பவர்களும், "எல்லாம் பேடுதான்" என்று ஏழைத் தாய்மாருக்கு விற்பவர்களும் இருக்கிறார்கள். ஐந்து மாதம் தீன் போட்டுக் காத்திருந்தவர் கூவல் சத்தம் கேட்டு விழிக்கும்போது, விற்றவர் வேறு சந்தையில் நிற்பார்.

போருக்குப் பின்னர் வடக்கிலே வாழ்வாதார உதவியாகக் கோழி பெற்ற குடும்பங்கள் ஏராளம். குடும்பத்துக்குத் தலைமை தாங்கும் பெண்கள் பலர் இதைத் தமது கைச்செலவுக்கு நம்பியிருக்கிறார்கள். அவர்கள் குஞ்சு வாங்கும் காசு கடன் காசாகவும் இருக்கலாம். பேடு ஒன்று முதல் முட்டை இடும் வரை ஏறக்குறைய 7 கிலோ தீன் தின்கிறது. ஆகவே தவறான குஞ்சை விற்பவர் குஞ்சின் விலையை மட்டுமல்ல, அந்தத் தீனின் விலையையும் அவர்கள் கையிலிருந்து எடுக்கிறார். பண்டத்தின் குறையை மறைத்து விற்கக்கூடாது என்பது நமக்குப் புதிதாக யாரும் சொல்லித் தர வேண்டிய பாடமல்ல.

எனது யோசனை மூன்று. முதலாவது, குஞ்சு விற்கும்போது துண்டு ஒன்றில் இனம், வயது, கொடுத்த தடுப்பு மருந்து மூன்றையும் எழுதிக் கொடுப்போம். ஒரு பேனாவும் ஒரு தாளும் மட்டுமே செலவு. இரண்டாவது, ஒருநாள் குஞ்சுக்குப் பதிலாக எட்டுக் கிழமை வளர்த்த பேடுகளை விற்போம். மின்குமிழ், தரைக்கு உமி, தடுப்பு மருந்து, கவனம் இருந்தால் ஒரு சிறிய அறையிலேயே இதைச் செய்யலாம். விலை கூடத்தான் செய்யும். ஆனால் சாகாத குஞ்சு, பேடு என்று உறுதியான குஞ்சு, கையில் பழகிய குஞ்சு என்று சொல்லி விற்கலாம். அதற்கு ஆட்கள் கொடுப்பார்கள். வீட்டில் இருந்தே தொழில் செய்ய விரும்பும் இளைஞர்களுக்கு இதைவிடக் குறைந்த முதலில் ஒரு தொழிலைக் காண்பது கடினம். மூன்றாவது, முட்டைக் காலம் முடிந்த பேடுகளைத் திரும்ப வாங்கிக்கொள்வோம். குடும்பத்துக்கு அடுத்த தொகுதிக்குக் காசு, ஹலாலாக அறுத்து விற்கும் நமது கடைகளுக்கு இறைச்சி. ஒரே வாடிக்கையாளரோடு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மூன்று வியாபாரம்.

கோழி வியாபாரத்தில் பெரிய கம்பனிகளோடு விலையில் போட்டியிட நம்மால் முடியாது. அவர்களால் முடியாத ஒன்றை நம்மால் செய்ய முடியும். வருபவரின் வளவு எவ்வளவு, வேலி எப்படி, வீட்டில் சின்னப் பிள்ளைகள் உண்டா, பகலில் யார் நிற்பார்கள் என்று கேட்டு, அதற்கு ஏற்ற கோழியைக் கொடுக்கலாம். அடுத்த முறை ஒருவர் குஞ்சின் விலையைக் கேட்டால், விலையைச் சொல்லு முன் இந்த நாலு கேள்வியையும் அவரிடம் கேட்டுப் பாருங்கள்.